மூன்று டன் பாய்லர் ஏன் இரண்டரை டன் தருகிறது?

மணலி விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எப்போதாவது ஒரு ட்ரெய்லர் மெல்ல ஊர்ந்து போகும். மேலே படுக்கவைத்த பெரிய இரும்பு உருளை, தார்ப்பாய் சுற்றிய பர்னர், கழற்றி வைத்த புகைபோக்கி. வாடகைக்குப் போகும் பாய்லர் அது. ஏதோ ஒரு தொழிற்சாலையின் சொந்த பாய்லர் ஆய்வுக்காக நின்றிருக்கும். சான்றிதழ் பொதுவாக ஓராண்டுக்குத்தான். அதைப் புதுப்பிக்க பாய்லரை ஆறவைத்து, தண்ணீரை வடித்து, திறந்து காட்ட வேண்டும். 1923-ஆம் ஆண்டு பாய்லர் சட்டம் போய் 2025-இல் புதுச் சட்டம் வந்தாலும் ஆய்வு போகவில்லை.

"மூணு டன் பாய்லர் இருக்கா?" என்றுதான் போனில் கேட்பார்கள். இந்த டன் பாய்லரின் எடை இல்லை. மணிக்கு எத்தனை டன் தண்ணீரை ஆவியாக்கும் என்ற கணக்கு. அதில்தான் ஒரு சூட்சுமம் இருக்கிறது.

இட்லிப் பானையிலிருந்து தொடங்குவோம். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 70 கிலோகலோரி போதும். அதே தண்ணீரை முழுக்க ஆவியாக்க இன்னும் 540 வேண்டும். அவ்வளவு வெப்பத்தை விழுங்கியும் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. இதுதான் உள்ளுறை வெப்பம். ஆவி மாவில் பட்டுத் திரும்ப நீராகும்போது அந்த 540-ஐயும் அங்கேயே இறக்கிவிடும். வெந்நீர் பட்ட புண்ணைவிட ஆவி பட்ட புண் மோசமாக இருப்பதும் இதனால்தான். தொழிற்சாலை வாடகை கொடுப்பது இந்த 540-க்கு.

(ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் போகும் வெந்நீர் பாய்லர் வேறு ரகம். அதில் தண்ணீர் கொதிப்பதே இல்லை.)

உள்ளே நடப்பது பழைய ரயில் எஞ்சின் வித்தைதான். நெருப்பும் புகையும் குழாய்களுக்குள் போகும், தண்ணீர் வெளியே சூழ்ந்து நிற்கும். 1856-இல் ராயபுரத்திலிருந்து கிளம்பிய எஞ்சின்களும் இப்படித்தான் ஓடின. நீர்மட்டம் குழாய்களுக்குக் கீழே இறங்கினால் ஆபத்து. அதனால் ஆபரேட்டரின் ஒரு கண் எப்போதும் கேஜ் கிளாஸில், அதாவது உள்ளே இருக்கும் நீர்மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாயில் இருக்கும். அவ்வப்போது அந்தக் கண்ணாடியின் அடி வால்வைத் திறந்து மூடுவார். தண்ணீர் சட்டென்று பழைய மட்டத்துக்குத் தாவினால் சரி. சோம்பேறித்தனமாக ஏறினால் வழியில் அழுக்கு அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

சரி, அந்த மூன்று டன்? 100 டிகிரி தண்ணீர் உள்ளே போய் 100 டிகிரி ஆவியாக வெளியே வருவதாக வைத்துப் போட்ட கணக்கு அது. நிஜத்தில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரி. தேவையோ பிரஷர் முள் 10 பார் காட்டும் அழுத்தத்தில், 184 டிகிரி ஆவி. அப்போது ஒரு கிலோவுக்கு 540 போதாது, சுமார் 635 ஆகும். நெருப்பு அதேதான், எனவே கிடைப்பது இரண்டரை டன் சொச்சம்.

மாதவரம் பக்கம் ஒரு அட்டைப்பெட்டி ஷெட்டில் இதை நேரில் பார்த்தேன். வாடகை பாய்லர் வந்த அன்று பத்து மணிக்கெல்லாம் பிரஷர் இறங்கியது. அட்டையை ஒட்டிக் காயவைக்கும், ஆவியால் சூடாகும் உருளைகளில் சூடு குறைய, பசை காயாமல் அட்டை உரிந்து வந்தது. எல்லோரும் பர்னரைத் திட்டினார்கள். ஷெட்டுக்குப் பின்னால் சாக்கடை புகைந்துகொண்டிருந்தது. உருளைகளில் சூட்டைக் கொடுத்துவிட்டு நீரான ஆவி, கண்டன்சேட், கொதிக்கக் கொதிக்க அங்கே ஓடியது. இந்தப் பக்கம் லாரித் தண்ணீர் பச்சையாகப் பாய்லருக்குள் போனது. கண்டன்சேட்டை பாய்லரின் தண்ணீர்த் தொட்டிக்குத் திருப்பும் குழாயை அவசரத்தில் யாரும் இணைக்கவில்லை.

சாயங்காலம் இணைத்தார்கள். மறுநாள் காலை தொட்டியைத் தொட்ட ஆபரேட்டர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். பிரஷர் முள் பத்திலேயே நின்றது.