பரல்: உலோகத்துக்குள் இருக்கும் ‘கிரெய்ன்’

எண்ணெய்க் கிணற்று வால்வு செய்யும் கம்பெனியில் தம்பி மகன் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். பயிற்சிக் குறிப்பைச் செல்போனிலேயே தமிழாக்கிக் காட்டினான்: ‘நிக்கல் கலப்புலோகத்தில் தானிய அமைப்பைக் கட்டுப்படுத்துதல்.’ செவ்வாய்ப்பேட்டை மண்டிக்காரர் கண்ணில் பட்டிருந்தால் மூட்டை என்ன விலை என்று கேட்டிருப்பார்.

மூலச்சொல் கிரெய்ன். லத்தீனில் ‘கிரானம்’ என்றால் விதை. கிரானைட் கல்லின் பெயருக்கும் அதுவே வேர். மரத்தில் ஓடும் வரியையும் ஆங்கிலத்தில் கிரெய்ன் என்பதால்தான் குழப்பம். பட்டறையில் ‘கிரெய்ன் ஃப்ளோ’ என்பது அந்த வரிதான். அதை வரியோட்டம் என்று தனியே பிரித்துவிடலாம்.

இங்கே பேச்சு மற்றதைப் பற்றி. உருகிய உலோகம் உறையும்போது ஆங்காங்கே படிகங்கள் முளைத்து, வளர்ந்து, ஒன்றையொன்று முட்டி நிற்கும், மாதுளை முத்துகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பதுபோல. ஒவ்வொரு முத்தும் ஒரு கிரெய்ன். பொடிசாக இருந்தால் வலு கூடும்.

சாதாரண எஃகைச் சூடேற்றி ஆற்றினாலே படிக அமைப்பு மாறும். பெருத்ததை அப்படியே பொடிசாக்கிவிடலாம். நிக்கலுக்கு அந்த வசதி கிடையாது, உருகும்வரை ஒரே அமைப்புதான். காய்ச்சி அடித்தே ஆகவேண்டும். நசுங்கியவற்றின் ஓரங்களில் புதிய சிறு படிகங்கள் முளைக்கும். அடி சரியாகப் படாத மூலை பெருத்தே கிடக்கும், பிறகு உலையில் வைத்தால் இன்னும் பெருக்கும்.

எண்ணெய்க் கிணறுகளில் அதிகம் புழங்கும் 718 கலவையில் நிக்கல் 50 முதல் 55 சதவீதம். இதில் படிகங்களின் எல்லைகளில் ஊசி ஊசியாக ‘டெல்டா’ என்னும் தனிச் சேர்மம் படியும். கிணற்றுச் சூழலில் ஹைட்ரஜன் உள்ளே ஏறினால் அந்த எல்லை வழியாகவே பிளந்துகொள்ளும். அதைக் கரைக்கத்தான் 1021 முதல் 1052 டிகிரி செல்சியஸ் சூடு. வேடிக்கை என்னவென்றால், படிகம் பெருக்காமல் முளையடித்துப் பிடித்திருந்ததும் அந்த டெல்டாதான். விமான எஞ்சின்காரர்கள் அதனாலேயே கொஞ்சம் மிச்சம் வைப்பார்கள். எண்ணெய்க்காரர்களுக்கு அது ஆகாது. அடிக்கும்போதே பொடிசாக்கிக்கொள்ள வேண்டும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘மணி’ பொருந்தும், ஆனால் ‘மணி என்ன?’ என்றால் பட்டறையில் எல்லோரும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். குருணை என்றால் உடைந்த அரிசி. இவை உடைந்தவை அல்ல. என் ஓட்டு ‘பரல்’ என்பதற்கு, சிலம்புக்குள் குலுங்கும் மணிக்கல். பரல் எல்லை, பரல் அளவு என்று ஒட்டியும் வரும். கொலுசு ஊரான சேலத்தில் விளக்குவதும் எளிது. கண்ணகி சிலம்பும் பாண்டிமாதேவி சிலம்பும் வெளியே ஒரே மாதிரி. உடைத்த பிறகுதான் மாணிக்கமா முத்தா என்று தெரிந்தது. இங்கேயும் துண்டு வெட்டி, மெருகேற்றி, அமிலம் தடவி, நுண்ணோக்கியில் பார்த்தால்தான் பரல் தெரியும்.

பையனுக்குச் சொல் பிடித்துவிட்டது. “அப்ப பரல் அளவு நம்பர் ஏற ஏறப் பரல் பெருசாகுங்களா பெரியப்பா?”

தலைகீழ். 100 மடங்கு பெருக்கிய படத்தில் ஒரு சதுர அங்குலத்துக்கு 8 பரல் இருந்தால் எண் 4. அதுவே 16 இருந்தால் எண் 5.