மீன்கத்தியில் துரு பிடிக்குள்தான் தொடங்கும்

மழுங்கிவிட்டது என்று சாணைக்கு வரும் மீன்கத்தியில் முதலில் பார்க்க வேண்டியது வெட்டும் விளிம்பான வாயை அல்ல, அலகு பிடிக்குள் நுழைகிற இடத்தை. அங்கே மெல்லிய பழுப்புக் கோடு ஒன்று ஓடும். அலகைப் பக்கவாட்டில் அசைத்தால் லேசாக ஆடும். பிடிக்குள் இருக்கும் வால் பகுதி அரித்துப்போயிருக்கிறது என்று அர்த்தம். வாய் மழுங்கினால் எத்தனை முறை வேண்டுமானாலும் தீட்டிக்கொள்ளலாம். வால் போன கத்திக்கு வைத்தியம் கிடையாது. கெராப்பு மீனின் தலையைப் பிளக்க ஓங்கி அழுத்தும் நேரத்தில்தான் அது முறியும்.

ஸ்டெயின்லெஸ் என்று அச்சடித்திருக்கிறதே, பிறகு எப்படித் துரு? எஃகில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருந்தால் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத படலம் ஒன்று உண்டாகும். கீறல் விழுந்தாலும் காற்றுப் பட்டதும் அது மறுபடி மூடிக்கொள்ளும். பிடியின் இடுக்கில் தேங்கும் கடல் தண்ணீருக்குள் காற்று போகாது. உப்பு படலத்தை உடைக்கும். மூட வழியில்லாமல் எஃகு உள்ளுக்குள்ளேயே அரிபடும். பினாங்கில் தெலுக் பஹாங், பத்து மாவுங் பக்கம் வாரம் தவறாமல் தூண்டில் போடுகிறவர்களின் கத்தி சீக்கிரம் போவதற்கு இந்த இடுக்குதான் காரணம்.

அதனால் கடையில் பிடியிலிருந்து பார்த்து வாருங்கள். அலகைச் சுற்றி வார்த்த பிளாஸ்டிக் அல்லது ரப்பர் பிடி நல்லது. நகம் நுழையும் இடைவெளி இருந்தால் வேண்டாம். ஆணி அடித்த மரப்பிடி சமையலறைக்கு அழகு, கடலுக்கு ஆகாது. விரல் அலகின்மேல் சரியாதபடி பிடியின் முன்பக்கம் ஒரு மேடு வேண்டும். மீன் வழவழப்போடு கை சறுக்கினால் அந்த மேடுதான் விரலைக் காப்பாற்றும்.

அலகு 4 அங்குலம், முதுகு 2 முதல் 2.5 மில்லிமீட்டர் தடிப்பு. இரை நறுக்க, வயிறு கீற, கயிறு வெட்ட, வீட்டில் மாங்காய் அரிய, எல்லாவற்றுக்கும் இது போதும். முதுகில் ரம்பப் பல் வைத்த, 5 மில்லிமீட்டர் தடித்த 'காட்டுக் கத்தி' பார்க்க வீரமாகத்தான் இருக்கும். அதில் கணவாயை நறுக்கினால் வெட்டுப்படாது, பிய்ந்துதான் வரும். சதையைத் தோலிலிருந்து வழித்தெடுக்க மட்டும் 6, 7 அங்குலத்தில் வளையும் மெல்லிய கத்தி தனியாகத் தேவைப்படும். அடிக்கடி அந்த வேலை இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

மலிவில் நம்பக்கூடியது என்று கேட்டால், சந்தைக் கடைகளில் தொங்கும் தாய்லாந்துக் கீவி கத்தி. எஃகு மென்மையானது, சீக்கிரம் மழுங்கும், ஆனால் பத்து இழுப்பில் கூர் திரும்ப வந்துவிடும். எலும்பில் போட்டால் வாய் மடங்கிவிடும், அவ்வளவுதான் அதன் குறை. உறையோடு வருவதில்லை என்பதால் வீட்டுக்கும் மீன் பெட்டிக்கும் மட்டும் சரி. இடுப்பில் மாட்ட, சுவீடனின் மோரா கம்பானியன் வகை. 10 சென்டிமீட்டர் சொச்சம் அலகு, வார்த்த பிடி, கழுவ எளிதான பிளாஸ்டிக் உறை. ஒன்றைக் கவனியுங்கள்: அதே தோற்றத்தில் கார்பன் எஃகிலும் விற்கிறார்கள். உப்புத் தண்ணீரில் அது ஒரே இரவில் சிவந்துவிடும்; அலகில் பொறித்திருப்பதைப் படித்துவிட்டுக் காசைக் கொடுங்கள். பிரான்சின் ஒப்பினல் அருமையான மடக்குக் கத்திதான், ஆனால் மரப்பிடி ஈரத்தில் ஊதி அலகை இறுக்கிவிடும். எந்த மடக்குக் கத்தியானாலும் மூட்டுக்குள் மணலும் செதிலும் சேரும். பூட்டு இல்லாததாக இருந்தால் விரல்மேலேயே மடங்கும்.

தீட்டுவதில்தான் பலர் தவறுகிறார்கள். இரண்டு சக்கரத்துக்கு இடையே இழுக்கும் கருவி கூர் உண்டாக்குவதைவிட எஃகைச் சுரண்டுவதுதான் அதிகம். மின்சாரச் சாணையில் தண்ணீர் தொடாமல் பிடித்தால் வாய் சூடேறி நீலம் பாரிக்கும். நீலம் தெரிந்த இடத்தில் பதம் போய்விட்டது, இனி கூர் நிற்காது. 1000 எண் தண்ணீர்க்கல் ஒன்று போதும். வாயில் சில்லு பெயர்ந்திருந்தால் முதலில் அதைவிடச் சொரசொரப்பான 400 எண் கல். கல்லைத் தண்ணீரில் ஊறவைத்து, அடியில் ஈரத்துணி விரியுங்கள். அலகு 2 சென்டிமீட்டர் அகலம் என்றால் முதுகைக் கல்லிலிருந்து 6, 7 மில்லிமீட்டர் தூக்கிப் பிடித்தால் ஏறத்தாழ 20 பாகை வரும். மோராவுக்கு அளவே வேண்டாம், அலகிலுள்ள சாய்வுத் தளத்தை அப்படியே கல்லில் படுக்க வைத்தால் போதும். ஒரு பக்கம் தேய்த்துக்கொண்டே வந்து, மறுபக்க விளிம்பை முதுகிலிருந்து வாய் நோக்கி விரலால் வருடுங்கள். முழு நீளத்துக்கும் சொரசொரவென்று பிசிறு தட்டும்வரை பக்கம் மாற்றாதீர்கள். பிசிறு வருவதற்குள் திருப்பித் திருப்பித் தேய்ப்பதால்தான் 'எவ்வளவு தேய்த்தும் கூர் வரலே' என்ற புலம்பல். இரண்டு பக்கமும் ஆனபின் அழுத்தம் குறைத்து மாறி மாறி ஐந்தாறு இழுப்பு, கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பின்னோக்கி இழுத்துப் பிசிறை எடுத்துவிடுங்கள். விளக்குக்கு நேராக வாயைப் பிடித்துப் பார்த்தால் மழுங்கிய இடம் வெள்ளைப் புள்ளியாக மின்னும். கூரான வாய் ஒளியைத் திருப்பாது.

கடலிலேயே அலசி உறையில் போடுவது கத்திக்குச் செய்யும் பெரிய கேடு. குழாய்த் தண்ணீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவி, துடைத்து, உறையையும் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். உறையின் அடியில் ஓட்டை இல்லையென்றால் ஒன்று போட்டுவிடுங்கள். தோல் உறை உப்பைக் குடித்துவைக்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் திரவ பாரஃபின் இரண்டு சொட்டு அலகில் தடவினால் போதும்.

செம்பிலாங் (கடல் கெளுத்தி), திருக்கை முள்ளைக் கத்தியால் வெட்டப் போகாதீர்கள், அது குறட்டின் வேலை. செம்பிலாங்கிற்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று முள், மூன்றிலும் விஷம். குத்திவிட்டால் காயம்படாத கையால் சூடு பார்த்து, தாங்கும் சூட்டில், 45 பாகை செல்சியஸுக்கு மேல் போகாத வெந்நீரில் குத்துப்பட்ட இடத்தை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் அமிழ்த்துங்கள், வலி தணியும். முள் உள்ளே முறிந்து நின்றால் மருத்துவமனை. கத்தி வெட்டானால் சுத்தமான தண்ணீரில் நன்றாக அலசி, அழுத்திக் கட்டுங்கள். கடல் தண்ணீரில் விப்ரியோ என்ற கிருமி உண்டு. நீரிழிவோ கல்லீரல் நோயோ உள்ளவருக்கு அது சில மணி நேரத்தில் பரவும். காயம் சிவந்து வீங்கினாலும் காய்ச்சல் அடித்தாலும் மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம், டெட்டனஸ் ஊசியையும் மறக்க வேண்டாம்.

மீன் பிடித்துத் திரும்பியதும் கத்தியை மோட்டார் சீட்டுக்கு அடியிலேயே விட்டுவிடுகிற பழக்கம் நம்மில் உண்டு. மலேசியாவின் 1958ஆம் ஆண்டு அரிக்கும், வெடிக்கும் பொருள்கள் மற்றும் அபாயகர ஆயுதங்கள் சட்டத்தின் 6ஆம் பிரிவில், தகுந்த காரணமில்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டுச் சிறை, பிரம்படியும் உண்டு. தூண்டிலோடும் மீன் பெட்டியோடும் இருக்கும் கத்திக்குக் காரணம் சொல்லலாம். செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகும் மோட்டாரில் தனியாகக் கிடந்தால் என்ன சொல்வீர்கள்? வீட்டுக்கு வந்ததும் எடுத்துக் கழுவி வைத்துவிட்டால் அந்தப் பயமும் இல்லை, துருவும் இல்லை.