பெயர்ப்பலகையின் இரண்டு ஓரங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். ஒருநாள், "உங்க ஸ்கூல் வாசலை வரைங்க" என்றேன். கேட் கோணல்மாணல், பள்ளிப் பெயரில் எழுத்துப்பிழை. ஆனால் பெயர்ப்பலகையின் இரண்டு ஓரத்திலும் இருக்கும் குளிர்பானச் சின்னம் மட்டும் வளைவு, நிறம் எல்லாம் அச்சு அசல்.

பலகையைக் கம்பெனி சும்மா கொடுத்தது. அதைப் பார்த்துவிட்டு எந்தப் பிள்ளையும் டக் ஷாப்புக்கு (பள்ளியின் தின்பண்டக் கடைக்கு) ஓடுவதில்லையே, பிறகு என்ன லாபம்? ஓடவே வேண்டாம், பார்த்தால் போதும். 1968இல் ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர், அர்த்தமில்லாத சொற்களையும் சீன எழுத்து மாதிரியான குறிகளையும் சிலருக்குக் காட்டினார். சிலவற்றை ஓரிரு முறை, சிலவற்றைப் பலமுறை. 'இதற்கு நல்ல அர்த்தமா, கெட்ட அர்த்தமா?' என்று கேட்டால், அதிகம் பார்த்ததையே நல்லது என்றார்கள். பழகியதை அடையாளம் காண மூளைக்குச் சிரமம் குறைவு. அந்தச் சுளுவையே பிடித்தம் என்று அது கணக்கு வைத்துக்கொள்கிறது என்பது பலர் ஏற்கும் விளக்கம்.

நாக்கும் இதற்குத் தப்பாது. 2007இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரே உணவை இரண்டு பொட்டலமாகக் கொடுத்தார்கள்: ஒன்று வெறும் தாள், இன்னொன்று மெக்டொனால்ட்ஸ் தாள். அந்தக் கடையில் வாங்காத கேரட்டுகூட அந்தத் தாளில் வந்தால்தான் ருசி என்றார்கள் பாதிக்கும் மேற்பட்டோர்.

சரி, டிவியிலும்தான் விளம்பரம் வருகிறது. அங்கே பாட்டு மாறும், நிகழ்ச்சி நிற்கும். ஏழெட்டு வயதானால் 'விற்க வருகிறான்' என்று பிள்ளை உஷாராகிவிடும். வகுப்பில் கொடுக்கும் கணக்குத் தாளின் மூலையில் அச்சடித்த குளிர்பானப் புட்டிக்கு அப்படி எந்த அறிவிப்பும் இல்லை. அந்தத் தாளைக் கையில் கொடுப்பது டீச்சர். போதாததற்கு அந்தக் கணக்குக்கு மார்க் வேறு!

அமெரிக்காவில் இதை மறைக்காமலே செய்தார்கள். 1990இல் தொடங்கிய சேனல் ஒன் என்ற டிவி நிறுவனம் பள்ளிகளுக்கு டிவியை இலவசமாகக் கொடுத்தது. பதிலுக்கு வகுப்பில் 12 நிமிட நிகழ்ச்சி ஓட வேண்டும். அதில் 2 நிமிடம் விளம்பரம்.

இங்கே 2018 ஏப்ரல் முதல் சர்க்கரைப் பானங்களுக்கு வரி உண்டு. 100 மில்லியில் 4 கிராமுக்கு மேல் போகும் ஒவ்வொரு கிராம் சர்க்கரைக்கும் காசு. அந்த வரி புட்டிக்குத்தான், பலகைக்கு இல்லை. எங்கள் பக்கத்துப் பள்ளியில் போன மாதம் பலகைக்குப் புதுப் பெயிண்ட் அடித்தார்கள், இரண்டு ஓரத்தையும் சேர்த்து.