அனாஃபைலாக்சிஸ்: கடும் ஒவ்வாமை

ஒவ்வாத பொருள் ஒன்று உடலுக்குள் சென்ற சில நிமிடங்களிலேயே தோல், மூச்சுக்குழல், குடல், இரத்த ஓட்டம் எனப் பல இடங்களில் ஒருசேர மூண்டு உயிருக்கு உலை வைக்கக்கூடிய எதிர்வினையை மருத்துவர்கள் அனாஃபைலாக்சிஸ் என்கிறார்கள்.

இச்சொல்லை 1902இல் ஆக்கியவர்கள் பிரெஞ்சு அறிஞர்கள் ஷார்ல் ரிஷேயும் பால் போர்ட்டியேயும் ஆவர். கடற்சாமந்தி என்னும் கடல்வாழ் உயிரியின் நஞ்சைச் சிறிது சிறிதாகச் செலுத்தினால் நாய்களுக்கு அதைத் தாங்கும் வலு வரும் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்க, முதல் ஊசியைத் தாங்கிய நெப்டியூன் என்ற நாய், சில வாரங்கள் கழித்து மீண்டும் அதே நஞ்சைச் செலுத்தியபோது மூச்சுத் திணறி அரைமணி நேரத்துக்குள் இறந்தது. கிரேக்கத்தில் ‘ஃபைலாக்சிஸ்’ என்றால் காப்பு. அதற்கு மாறானது என்ற பொருளில் ரிஷே ‘அனா’ என்பதை முன்னே சேர்த்தார். இந்த ஆய்வுக்காக அவர் 1913இல் நோபல் பரிசு பெற்றார்.

‘அலர்ஜி’ என்ற சொல்லை 1906இல் ஆஸ்திரிய மருத்துவர் கிளெமென்ஸ் ஃபொன் பிர்கே உருவாக்கினார். தமிழில் அதற்கு வழங்கும் ‘ஒவ்வாமை’, ஒவ்வுதல் என்னும் வினையின் எதிர்மறையில் பிறந்த நல்ல சொல். ஆனால் கொங்கு நாட்டுப் பேச்சில் “அவருக்குக் கத்திரிக்காய் சேராதுங்க” என்பதும், பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் குளவி கொட்டியவரைத் தூக்கிவந்து “மேலெல்லாம் தடிச்சுப் போச்சுங்க, மூச்சு வாங்குதுங்க” என்பதும் ஏட்டில் ஏறும்போது ஒவ்வாமை என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. முன்னது அரிப்போடு நிற்கலாம். பின்னதில் உயிர் போகலாம். ஆகவே வெறும் ஒவ்வாமை என்று எழுதுவது போதாது. சிலர் எழுதும் ‘ஒவ்வாமை அதிர்ச்சி’யும் முழுப் பொருத்தமில்லை; ஏனெனில் இரத்த அழுத்தம் சரிந்த நிலையையே அது குறிக்கும், அழுத்தம் சரியாமலே தொண்டை வீங்கி மூச்சு அடைபடுவதும் உண்டு. ‘கடும் ஒவ்வாமை’ என்பதே பொதுவழக்குக்கு ஏற்றது என்பது என் துணிபு.

இதற்கு முதல் மருந்து அட்ரினலின். அது விரிந்த இரத்தக் குழாய்களைச் சுருக்கி வீக்கத்தைத் தணிக்கிறது, மூச்சுக்குழலைத் திறக்கிறது, இதயத்துக்கு வலுவூட்டுகிறது. அரிப்புக்குத் தரும் மாத்திரையால் இவற்றில் எதுவும் ஆகாது. உயிருக்குப் போராடுபவருக்கு மருந்தைத் தராமல் வெறும் நீரைச் செலுத்தி ஒப்பிட்டுப் பார்க்க அறம் இடங்கொடாது என்பதால், ஆய்வாளர்கள் எதிர்வினை இல்லாத வேளையில் ஊசி போட்டு, மருந்து இரத்தத்தில் எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பதை அளந்தார்கள். கனடாவின் எஸ்டெல் சைமன்ஸ் குழு 1998இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகளுக்குத் தொடைத் தசையில் போட்ட மருந்து சராசரியாக 8 நிமிடங்களில் உச்ச அளவை எட்டியது. தோலுக்கடியில் போட்டபோது 34 நிமிடங்கள் ஆயின. கொட்டிய சில நிமிடங்களிலேயே மூச்சு நின்றுவிடக்கூடிய நோயில் இந்த வேறுபாடு மிகப் பெரிது. பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம் மருந்தைத் தொடையின் வெளிப்புறத் தசையில் போட்டு, தேவைப்பட்டால் 5 நிமிடங்களில் மீண்டும் போடும் முறை நிலைபெற்றதற்கு இத்தகைய அளவீடுகளே அடிப்படை.

அட்ரினலின் சுரக்கும் சுரப்பிக்கு ‘அண்ணீரகம்’ என்ற தமிழ்ப்பெயர் உண்டு. இலத்தீனில் ‘அட்’ என்பது அருகு, ‘ரென்’ என்பது சிறுநீரகம். தமிழிலும் அண்மையைச் சுட்டும் ‘அண்’ அப்படியே முன்னே நிற்பதால், இதைவிடப் பொருந்திய ஆக்கம் கிடைப்பது அரிது. எனினும் மருந்தை அட்ரினலின் என்றே எழுத வேண்டும். செவிலியர் கேட்டதும் கையை நீட்டி எடுப்பது அந்தப் பெயருக்குத்தான். கிரேக்க வேரிலிருந்து வந்த ‘எபிநெஃப்ரின்’ என்ற பெயர் குப்பியின் மேல் அச்சிடப்பட்டிருந்தாலும் உள்ளே இருப்பது அதே மருந்துதான்.