கைகாட்டியில் இறக்கிவிடலாமா, ஊருக்குள் போகலாமா?

"இந்த டிரிப் ஊருக்குள்ள போகாது, கைகாட்டியில இறங்கிக்கோங்க." கிராமத்து டவுன் பஸ்ஸில் போய்வருபவர்களுக்குப் பழகிய குரல் இது. மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பாதை பிரியும் இடம்தான் கைகாட்டி. தலையில் அரிசி மூட்டையோடு 2 கிலோமீட்டர் நடக்கப்போகிறவருக்கு அது கண்டக்டரின் பிடிவாதமாகத்தான் தெரியும். ஆனால் பஸ் உள்ளே போக வேண்டுமா என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

உள்ளே போய்த் திரும்ப 4 கி.மீ. அந்த ரோட்டில் மணிக்கு 20 கி.மீ. வேகம் என்றால் 12 நிமிடம். காலை எட்டு மணிக்கு அந்த ஊரைத் தாண்டிப் போகிறவர்கள் 50 பேர் இருந்தால், மொத்தம் 600 நிமிடம் அவர்களுக்கு வீண். ஊர்க்காரர்கள் 5 பேருக்கு என்ன லாபம்? அரை மணி நடப்பதற்குப் பதில் 6 நிமிடப் பயணம். ஆளுக்கு 24 நிமிடம், மொத்தம் 120. வெயிலில் நடக்கும் ஒரு நிமிடம் உட்கார்ந்து போகும் ஒரு நிமிடத்துக்குச் சமமாகுமா? ஆகாது. அதனால் போக்குவரத்துத் திட்டமிடுபவர்கள் நடக்கும் நேரத்தையும் காத்திருக்கும் நேரத்தையும் ஏறக்குறைய இரட்டிப்பாகவே எடுத்துக்கொள்வார்கள். அப்படிப் பார்த்தால் 30 நிமிட நடை 60 ஆகும், 6 நிமிடப் பயணம் போக ஆளுக்கு 54. அப்போதும் மொத்த லாபம் 270தான், 600-ஐ எட்டாது.

சரி, பதினொரு மணி டிரிப்பில் தாண்டிப் போகிறவர்கள் 8 பேர்தான் என்றால்? வீணாவது 96 நிமிடம். இரட்டிப்பாக்காமலே லாபம் அதிகம். அந்த நேரத்தில் பஸ் தாராளமாக உள்ளே போகலாம், போகவும் வேண்டும். ஒரே ரூட், ஒரே ஊர், நேரம் மாறினால் விடையும் மாறுகிறது.

எத்தனை பஸ் வேண்டும் என்பது இதைவிட எளிது. போக ஒரு மணி, வர ஒரு மணி, இரு முனையிலும் பத்துப் பத்து நிமிடம் நின்றால் ஒரு சுற்று 140 நிமிடம். ஒரே பஸ் என்றால் 140 நிமிடத்துக்கு ஒருமுறைதான் வரும். இரண்டு விட்டால் 70.

வசூலை மட்டும் வைத்து ஒரு ரூட்டை எடைபோடுவதுதான் எனக்கு ஒப்பாத விஷயம். 2021 மே முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கண்டக்டர் பையில் சேரும் காசு இனி கூட்டத்தின் அளவைச் சொல்லாது. கட்டணமில்லா டிக்கெட்டையும் சேர்த்து எண்ண வேண்டும். பஸ் போகாத ஊர்களுக்காக 1997-இல் மினி பஸ் திட்டம் வந்ததும், 2025-இல் அதைப் புதுப்பித்ததும் அந்த ஊர்களைப் பஸ்ஸோடு இணைக்கத்தான். அதனால் எத்தனை ஊர் புதிதாக இணைந்தது என்றும் பார்க்க வேண்டும்.

அப்புறம் கடைசி பஸ். இரவு எட்டரைக்கு மூன்று பேரோடு போகிறது என்று அதை நிறுத்தினால், காலையில் வந்துகொண்டிருந்த அந்த மூவரும் மறுநாள் முதல் ஷேர் ஆட்டோவோ பைக்கோ தேடுவார்கள். திரும்ப வழியில்லாத பஸ்ஸில் யார் ஏறுவார்கள்? நஷ்டம் காலை டிரிப்பின் கணக்கில் விழும். எந்த டிரிப்பில் வருகிறவர் எந்த டிரிப்பில் திரும்புகிறார் என்பது டிக்கெட்டில் பதிவாவதில்லை. அந்த ரூட்டில் பல வருஷம் ஓடும் கண்டக்டரைக் கேளுங்கள், ஆள் ஆளாகச் சொல்வார்.