தொழிற்பயிற்சி மாணவரின் நலன்: ஆஸ்திரேலிய விதி கேட்பது என்ன?

ஆஸ்திரேலியாவில் ஆஸ்க்வா என்னும் தொழிற்பயிற்சிக்கான தேசிய ஒழுங்குமுறை அமைப்பின் கீழ் வரும் பதிவுபெற்ற பயிற்சி நிறுவனங்களுக்கான புதிய தரநிலைகள் 2025 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளன. மாணவர் ஆதரவு பற்றிய பகுதியில், 2.6 என்ற எண்ணில், மாணவர் நலனுக்கென்றே ஒரு தரநிலை இருக்கிறது. (மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குச் செய்துதர வேண்டிய நியாயமான மாற்றங்கள் 2.4இல் தனியே வருகின்றன.)

2.6ஆம் தரநிலை கேட்பவை இரண்டே. தன்னிடம் படிப்போருக்கு எவ்வகை நலத்தேவைகள் எழக்கூடும் என்பதை நிறுவனம் கண்டறிந்து, அதற்கேற்ற ஏற்பாடுகளைச் செய்திருக்க வேண்டும்; தேவை வரும்போது மாணவர் என்ன செய்யலாம், நிறுவனத்தில் யாரை அணுகலாம், எந்தச் சேவைகளை நாடலாம் என்பதை அவருக்குத் தெரிவித்திருக்க வேண்டும். உளவள ஆலோசகர் ஒருவரை ஒவ்வொரு நிறுவனமும் வேலைக்கு வைத்தாக வேண்டும் என்று விதி சொல்லவில்லை; தக்க வெளிச்சேவைக்கு மாணவரை வழிப்படுத்தலாம்.

தேவையைக் கண்டறிவதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. முதியோர் பராமரிப்பு படிக்கும் ஒருவர், பணியிடப் பயிற்சியின்போது, நேற்றுவரை தாம் உணவூட்டிய பெரியவரின் கட்டில் இன்று காலை விரிப்பு மாற்றிக் காலியாகக் கிடப்பதைக் காண நேரலாம். அப்படியொரு நாள் வரக்கூடும் என்பது அந்தப் படிப்பை நடத்துவோருக்குத் தெரியாததல்ல. ஆகவே பயிற்றுநர் அதை முன்னதாகவே வகுப்பில் பேசுவதும், அன்று மாலை யாரை அழைக்கலாம் என்று பெயர் சொல்லி வைப்பதும்தான் ஏற்பாடு; கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு தொலைபேசி எண்ணை அச்சிட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வதை நான் ஏற்பாடு என்று சொல்லமாட்டேன். முழுக்க இணையவழியில் படிப்பவரின் தேவை வேறு: இரண்டு வாரமாக அவர் பாடத்தளத்துக்கு வரவில்லை என்றால், அதைக் கவனித்து விசாரிக்க ஒருவர் வேண்டும்.

மாணவர் விசாவில் வந்தவர்களுக்கு 2018ஆம் ஆண்டின் தேசிய விதித்தொகுப்பும் பொருந்தும். அதன் 6ஆம் தரநிலைப்படி, வெளிநாட்டு மாணவர்களுக்கென அதிகாரபூர்வத் தொடர்பு அலுவலர் ஒருவரையாவது நிறுவனம் அமர்த்த வேண்டும். படிப்பில் தேர்ச்சி பெறத் தேவையான நியாயமான ஆதரவைக் கூடுதல் கட்டணமின்றி அளிக்க வேண்டும்.

குறை இருந்தால் முதலில் நிறுவனத்திடமே எழுத்து மூலம் முறையிடுவது நல்லது. அங்கே தீராவிட்டால், தனியார் நிறுவனங்களில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் முறையீடுகளை விசாரிக்கும் அரசின் குறைகேட்பு அமைப்பான காமன்வெல்த் ஆம்பட்ஸ்மனைக் கட்டணமின்றி அணுகலாம். ஆஸ்க்வாவிடமும் புகார் அளிக்கலாம். ஆனால் அது நிறுவனம் விதிப்படி நடக்கிறதா என்பதைக் கண்காணிக்கும் அமைப்பேயன்றி, தனிப்பட்ட வழக்கைத் தீர்த்துக் கட்டணத்தைத் திருப்பி வாங்கித் தரும் அமைப்பன்று.