உதிர்ந்த இலையிலிருந்து ஒரு செடி

பெங்களூர் லால்பாக் மலர்க் கண்காட்சியில் வாங்கிய, சதைப்பற்றான இலைகள் கொண்ட எச்செவேரியாச் செடி, அல்சூர் வீட்டுக்கு வந்து சேருவதற்குள் நாலைந்து இலைகளை உதிர்த்துவிடும். அவற்றைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

ஓர் இலையைக் கையில் எடுத்து அடிப்பகுதியைப் பாருங்கள். தண்டோடு ஒட்டியிருந்த இடம் வெளிறி, முழுசாக இருக்க வேண்டும். வளர்ச்சி முடிந்துவிடாத, மறுபடியும் பிளந்து பெருகக்கூடிய செல்கள் இருப்பது அங்கேதான். பாதியில் ஒடிந்த இலை வேர் விட்டாலும் பெரும்பாலும் குருத்து விடாது. அதனால் செடியிலிருந்து பறிக்கும்போது வெடுக்கென்று இழுக்காமல், இடமும் வலமுமாக மெல்ல அசைத்து எடுங்கள்.

இலையில் உருவாகும் ஆக்சின் என்ற ஹார்மோன் சாதாரணமாகத் தண்டுக்குள் இறங்கிவிடும். தனித்துவிட்ட இலையில் அதற்குப் போக்கிடம் இல்லை. அடியிலேயே தேங்கி, வேர் விடத் தூண்டுகிறது.

அதுவரை இலை வாடாமல் இருப்பது எப்படி? தண்ணீரும் சர்க்கரையும் கட்டுச்சோறு போல அதற்குள்ளேயே இருக்கின்றன. பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் மட்டும் திறந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கிப் புளிப்பான மாலிக் அமிலமாகச் சேர்த்து வைப்பது எச்செவேரியாவின் குடும்பத்துச் செடிகளின் வழக்கம். வறட்சி முற்றினால் இரவிலும் திறக்காமல், தான் வெளிவிடும் வாயுவையே திரும்பப் பயன்படுத்திக்கொள்ளும். ஒருகாலத்தில் லால்பாக்கின் பொறுப்பில் இருந்த தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன், அதே குடும்பத்தைச் சேர்ந்த ரணகள்ளியின் இலையைச் சுவைத்துப் பார்த்து, காலையில் புளிக்கிறது, நண்பகலில் சுவையே இல்லை என்று எழுதினார். 1815-ல் லண்டன் லின்னேயன் சங்க இதழில் அது வெளியானது. இரவில் சேர்ந்த அமிலம் பகலில் செலவாவதைத்தான் அவர் நாக்கு கண்டுபிடித்தது. நம் ஊர்களில் 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' என்று சொல்வதும் அதே ரணகள்ளியைத்தான். அதன் குட்டிகள் மட்டும் இலை விளிம்பில் முளைக்கும்.

பெங்களூரில் இலையைக் கெடுப்பது பெரும்பாலும் ஈரம்தான். காயம் ஆறும் முன் தண்ணீர் பட்டால் பூஞ்சை நுழைந்து, இலை கண்ணாடிபோல் ஆகிக் குழைந்துவிடும். மூன்று நாலு நாள் நிழலில் காயவிடுங்கள். வெட்டுவாயில் தக்கை போன்ற படலம் மூடிக்கொள்ளும். நம் செம்மண் களிமண்போல் இறுகும், பாதிக்குப் பாதி பருமணல் கலந்தே ஆக வேண்டும். இலையைப் புதைக்காமல் மேலே படுக்க வைத்தால் போதும். சில வாரங்களில் இளஞ்சிவப்பு நூலாக வேரும், கடுகளவு ரோஜா வடிவில் குருத்தும் தெரியும். அப்போதுதான் தண்ணீர் தெளிக்க வேண்டும். தாய் இலை சுருங்குவதைப் பார்த்துக் கவலைப்பட்டுப் பிடுங்காதீர்கள், குட்டி அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

வெளிச்சம் போதாமல் நெட்டையாகிவிட்ட செடியைத் தலையோடு வெட்டுங்கள். வெட்டிய தலை, காயம் ஆறியபின் மணலில் வேர் பிடிக்கும். நுனியிலிருந்து இறங்கும் ஆக்சின்தான் பக்க மொட்டுகளைத் தூங்க வைத்திருந்தது; அந்தத் தடை நீங்கியதால் அடிக்கட்டையிலும் அவை விழித்துக்கொள்ளும். அதே குடும்பத்து ஏயோனியம் என்ற செடிக்கு இந்த வழிதான் சரி; அதன் இலையை மட்டும் வைத்துக்கொண்டு காத்திருந்தால் அநேகமாக ஒன்றும் முளைக்காது.